நல்லெண்ணமும் நரகத்தின் பாதையும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் வாசித்து முடித்துவிட்டார்கள். தீர்மானங்களை நிறைவேற்றிய பின் உணவு. இடையில் சிறிது நேரம் எனக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. பசியோடு இருப்பவர்களிடம் நீண்ட பயான் செய்வது பாவம் என்று எந்தக் கிதாபிலும் நான் ஓதவில்லை. எனினும் சுருக்கமாகவே பேச எண்ணியுள்ளேன்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஜுமுஆவில், நிய்யத்தைப் பற்றிய பிரபலமான ஹதீஸை விளக்கிப் பேசினேன். தொழுகை முடிந்ததும் சென்னையில் கணினி நிறுவனம் ஒன்றில் பணியாற்றும் நம் மஹல்லாவின் இளைஞர் ஒருவர் என் அறைக்கு வந்தார். “ஹஜ்ரத், எல்லாம் எண்ணத்தைப் பொறுத்தது என்றீர்கள். ஆனால் எங்கள் அலுவலகத்தில் வெள்ளைக்காரர்களின் பழமொழி ஒன்றைச் சொல்கிறார்கள். ‘தி ரோட் டு ஹெல் இஸ் பேவ்ட் வித் குட் இன்டென்ஷன்ஸ்’ என்று. நரகத்துக்குப் போகும் பாதை நல்லெண்ணங்களால் தளம் பாவப்பட்டிருக்கிறது என்பது பொருளாம். நல்லெண்ணம் சொர்க்கத்துக்கு அல்லவா கொண்டுபோக வேண்டும்? இரண்டில் எது சரி?” என்று கேட்டார்.

இந்தப் பழமொழியை யார், எதற்காகச் சொன்னார்கள் என்று விசாரித்தேன். உடன் பணியாற்றும் ஒருவருக்கு உதவுவதாக எண்ணி, அவரிடம் ஒரு வார்த்தையும் கேளாமல், அவர் செய்து வைத்திருந்த வேலையை இவர் இரவோடு இரவாகத் திருத்தி வைத்திருக்கிறார். விடிந்து பார்த்தால் மொத்த வேலையும் பழுதாகிக் கிடக்கிறது. “நல்லெண்ணத்தில்தான் செய்தேன்” என்று இவர் சொல்ல, மேலாளர் சிரித்துக்கொண்டே அந்தப் பழமொழியை எடுத்து வீசியிருக்கிறார். பிள்ளைக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது.

“அடுத்த வாரம் பதில் சொல்கிறேன் தம்பி” என்றேன். மூன்று மாதங்கள் ஓடிவிட்டன. அந்தத் தாமதமே பழமொழியின் ஒரு பொருளுக்கு உதாரணம் என்பது பின்னர்தான் எனக்கு விளங்கிற்று.

நான் மதரஸாவில் ஓதியவன். ஆங்கிலம் எனக்கு விலாசம் படிக்கும் அளவுக்குத்தான் தெரியும். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் இரண்டு மாலைப் பொழுதுகள் எனக்காகச் செலவிட்டு, அகராதிகளையும் வரலாற்று நூல்களையும் புரட்டிப் பொருள் சொன்னார். அதில் நான் அறிந்துகொண்டதை முதலில் கூறிவிடுகிறேன்.

இந்தச் சொல்வழக்கு மிகப் பழைமையானது. பிரான்ஸ் நாட்டில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெர்னார்டு என்ற கிறித்தவத் துறவி சொன்னதாகக் கூறுவர். ஆனால் அவர் எழுதியவற்றில் அது காணப்படவில்லையாம். 1670இல் ஜான் ரே என்ற ஆங்கிலேயர் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டபோது, நரகம் நல்ல நினைப்புகளாலும் விருப்பங்களாலும் நிறைந்திருக்கிறது என்ற கருத்தில் அது இடம் பெற்றிருந்தது. அப்போது பாதையும் இல்லை, தளமும் இல்லை. தளம் பாவும் உவமை பிற்பாடு வந்தது. பாதை என்ற சொல்லோடு கூடிய இன்றைய வடிவம் 1855இல் வெளியான இன்னொரு பழமொழித் தொகுப்பில் காணப்படுகிறது.

இடையில் வருபவர்தான் சுவையானவர். சாமுவேல் ஜான்சன். 1755இல் ஆங்கில மொழிக்குப் பேரகராதி தந்த அறிஞர். அவருடைய நண்பர் பாஸ்வெல் எழுதி 1791இல் வெளியான வாழ்க்கை வரலாற்றில், 1775ஆம் ஆண்டுச் செய்திகளுக்கிடையே, நரகத்துக்கு நல்லெண்ணங்களால் தளம் போடப்பட்டிருக்கிறது என்று ஜான்சன் ஒருவரிடம் சொன்னதாக எழுதப்பட்டுள்ளது. எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்பதே நமக்கு முக்கியம். பக்தியோடு செய்யும் தீர்மானங்கள் நிறைவேறாமற் போவதைப் பற்றிப் பேசும்போதுதான் சொன்னார். அது பிறரை இடித்துரைத்த சொல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏனெனில் அந்த மனிதருக்குக் காலையில் எழுவது பெரும்பாடு. நண்பகல் தாண்டியும் படுக்கையில் கிடப்பாராம். இனிமேல் எட்டு மணிக்காவது எழுவேன் என்று தமது பிரார்த்தனைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பார். எழமாட்டார். பிறகொரு நாள் மீண்டும் அதே போன்ற தீர்மானத்தை எழுதுவார். ஆண்டுகள் கடந்தும் இது தொடர்ந்தது. பேராசிரியர் இதைச் சொன்னபோது நான் சிரித்தேன். பின்னர் நம் பள்ளியின் ஃபஜ்ரு ஜமாஅத்தில் நிற்கும் ஒன்றரை ஸஃப் என் நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

ஆகவே இந்தப் பழமொழிக்கு முதற்பொருள் இதுதான்: செய்வேன், செய்வேன் என்று எண்ணிக்கொண்டே செய்யாமல் விட்டவை ஒரு மனிதனை அழிவுக்கு இட்டுச் செல்லும். இரண்டாம் பொருள் பின்னாளில் வலுப்பெற்றது: நல்லெண்ணத்தோடு செய்த செயலே பெருந்தீங்காக முடிவதும் உண்டு. இன்று ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் இந்த இரண்டாம் பொருளில்தான் ஆளுகிறார்கள். நம் வீடுகளில், நல்லது செய்யப் போய்ப் பொல்லாப்பாகிவிட்டது என்று சொல்வோமே, ஏறத்தாழ அதுதான். அதில் வரும் நரகம் என்ற சொல், அகீதாவில் நாம் ஓதும் ஜஹன்னத்தைப் பற்றிய தீர்ப்பு அன்று. கேடு, அழிவு என்ற அளவில் வழங்கும் பேச்சு வழக்கு. ஆகையால் யாரும் இதற்காகக் கோபப்பட வேண்டியதில்லை. பாதியை மட்டும் சொல்லி மீதியைக் கேட்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடுவதும் உண்டாம். ஒருவருடைய முகத்துக்கு நேரே சொன்னால் சுடும் என்றும் பேராசிரியர் எச்சரித்தார். நம் இளைஞர் அந்தச் சூட்டைத்தான் பட்டிருக்கிறார்.

இனி நம் பக்கம் வருவோம்.

நிய்யத்தைப் பற்றி உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸை இமாம் புகாரி (ரஹ்) தமது ஸஹீஹின் தொடக்கத்திலேயே வைத்தார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் நாற்பது ஹதீஸ் தொகுப்பிலும் அதுவே முதலாவது. ஃபிக்ஹின் எழுபது பாடங்களில் அது நுழைகிறது என்று இமாம் ஷாஃபிஈ (ரஹ்) கூறியதாக நூல்களில் வருகிறது. ஒரே ஹிஜ்ரத், ஒரே மணல்வெளி, ஒரே வெயில். ஆனால் அல்லாஹ்வுக்காகவும் ரஸூலுக்காகவும் புறப்பட்டவருக்கு ஒரு கூலி. ஒரு பெண்ணை மணப்பதற்காகப் புறப்பட்டவருக்கு அவர் நாடியது மட்டுமே. இதில் எவருக்கும் ஐயமில்லை.

ஆனால் நிய்யத் என்றால் என்ன? இங்கேதான் நாம் சறுக்குகிறோம். நம் ஃபிக்ஹு நூல்களில் அதற்கு இலக்கணம் சொல்லப்பட்டுள்ளது. ஒன்றை, அதைச் செய்வதோடு இணைந்தவாறு நாடுவதே நிய்யத். செயல் பின்னொரு காலத்துக்குத் தள்ளிப் போனால் அதற்கு நிய்யத் என்ற பெயரே கிடையாது. அஸ்மு, அதாவது உறுதி என்று அதை அழைப்பார்கள். அந்த உறுதியும் இல்லாமல், நடந்தால் நன்றாயிருக்கும் என்று நினைப்பது வெறும் தமன்னி, ஆசை. தக்பீர் கட்டும்போது உள்ளத்தில் இருப்பது நிய்யத். ஓய்வு பெற்ற பிறகு ஐவேளையும் பள்ளிக்கு வருவேன் என்று நாற்பது வயதில் சொல்வது எது என்பதை அவரவர் தம் உள்ளத்தையே கேட்டுக்கொள்ளட்டும்.

“ஒரு நன்மையை எண்ணி, அதைச் செய்யாவிட்டாலும் ஒரு நன்மை எழுதப்படும் என்று ஹதீஸ் இருக்கிறதே ஹஜ்ரத்?” என்று கேட்பீர்கள். இருக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அல்லாஹ்வின் கருணைக்கு எல்லை வகுக்க நான் யார்? ஆனால் மனதார முனைந்து, வழியின்றித் தடுக்கப்பட்டவரின் நிலை வேறு. வழியிருந்தும் எழுந்திராதவரின் நிலை வேறு. இரண்டாமவர் இந்த ஹதீஸைத் தலையணையாக வைத்துக்கொண்டு உறங்குகிறார்.

சற்றுமுன் செயலாளர் வாசித்த அறிக்கையில் ‘வர வேண்டிய நன்கொடைகள்’ என்றொரு தலைப்பு இருந்தது. கேட்டிருப்பீர்கள். மக்தப் மதரஸாவின் மாடிக் கட்டடத்துக்காக இதே மேடையின் முன் எழுந்து நின்று, தக்பீர் முழக்கத்துக்கிடையே அறிவிக்கப்பட்ட தொகைகள் அவை. அறிவித்தவர்கள் எவரும் பொய்யர்கள் அல்லர். அந்த நேரத்தில் அவர்களுடைய உள்ளம் மெய்யாகவே இளகியிருந்தது. பிறகு கேட்டால் “நிய்யத்து இருக்கிறது ஹஜ்ரத்” என்பார்கள். இன்னும் சிலர் “இன்ஷா அல்லாஹ்” என்பார்கள். அல்லாஹ் நாடினால் என்ற அந்த உயர்ந்த சொல்லை, மரியாதையாக இல்லை என்று சொல்வதற்கு நாம் பயன்படுத்தக் கற்றுக்கொண்டுவிட்டோம். மாடிக்குப் போடப்பட்ட தூண்களின் கம்பிகள் துருவேறி நிற்கின்றன. மழைக்காலத்தில் பிள்ளைகள் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு ஓதுகிறார்கள். அந்தக் கம்பிகளைக் காணும்போதெல்லாம் எனக்கு ஜான்சனின் குறிப்பேடு நினைவுக்கு வருகிறது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, புரிந்துகொள்வீர்கள்.

இரண்டாம் பொருள்தான் கடினமானது. ஏனெனில் அங்கே சோம்பேறிகள் அகப்படுவதில்லை; ஓடியாடி நன்மை செய்பவர்கள்தாம் அகப்படுகிறார்கள்.

ஸஹாபாக்களின் காலத்து நிகழ்ச்சி ஒன்றை ஜாபிர் (ரலி) அறிவிக்க அபூதாவூதில் காண்கிறோம். ஒரு பயணத்தில் ஒருவருக்குக் கல்லடி பட்டுத் தலையில் காயம். அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்துகொள்ளச் சலுகை உண்டா என்று உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துவிட்டார். அவர்களுக்கு அவர் மீது பகையா? இல்லை. மார்க்கத்தைப் பேண வேண்டும் என்ற ஆர்வம்தான். ஆனால் செய்தி எட்டியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அந்த மனிதரின் மரணத்துக்கு அவர்களையே பொறுப்பாக்கிப் பேசினார்கள்; தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று வினவினார்கள். உங்கள் எண்ணம் நல்லதுதானே என்று முதுகைத் தட்டிக் கொடுக்கவில்லை. இமாம் புகாரி (ரஹ்) தமது நூலில் சொல்லுக்கும் செயலுக்கும் முன்பு அறிவு என்று ஒரு பாடத்துக்குத் தலைப்பிட்டிருப்பதன் ஆழம் இது போன்ற இடங்களில்தான் நமக்கு விளங்குகிறது.

கப்பலின் உவமையையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். நுஃமான் பின் பஷீர் (ரலி) அறிவிப்பது, புகாரியில் உள்ளது. மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக மேலே போய்வர வேண்டியிருக்கிறது. ஆகவே தங்கள் பகுதியிலேயே ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என எண்ணுகிறார்கள். நான் பலமுறை ஓதியும் பல ஆண்டுகள் கவனியாமல் விட்ட ஒன்று அதில் உண்டு. அவர்கள் ஓட்டை போட நினைத்ததற்குக் காரணம் என்ன? மேலே இருப்பவர்களுக்குத் தொல்லை கொடுக்கக் கூடாது என்பது! எவ்வளவு பண்பான எண்ணம்! அந்தப் பண்பு கப்பலைக் காப்பாற்றாது. மேலே உள்ளவர்கள் கையைப் பிடித்துத் தடுத்தால்தான் இரு சாராரும் கரை சேர்வார்கள்.

பிறருடைய கதைகளைச் சொல்வது எளிது. என்னுடையதையும் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்வதற்காகவே இந்தத் தலைப்பை எடுத்தேன் என்றாலும் தவறில்லை.

நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன் பணியாற்றிய பள்ளிவாசலில், ஜகாத் நிதி யாருக்குப் போகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும், ஃபித்னா ஒழிய வேண்டும் என்று நான் விரும்பினேன். என் எண்ணத்தில் வேறு கலப்பில்லை, அல்லாஹ் அறிவான். எவரிடமும் மஷூரா செய்யாமல், உதவி பெற்றவர்களின் பெயர்களையும் தொகையையும் எழுதி ரமளான் பிறை 27 அன்று பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். முணுமுணுப்பு அன்றே அடங்கிற்று. கணக்கு என்றால் இதுவல்லவா கணக்கு என்று பலர் பாராட்டினார்கள். எனக்கும் உள்ளூர மகிழ்ச்சி.

அந்தப் பட்டியலில் கணவரை இழந்த ஒரு பெரியம்மா இருந்தார். இடியாப்பம் அவித்து விற்று மூன்று பெண் பிள்ளைகளைக் கரையேற்றியவர். ஜகாத் பெறுவதை அந்தப் பிள்ளைகளின் புகுந்த வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் காத்து வந்திருக்கிறார். பெருநாள் தொழுகைக்கு வந்த மருமகன்களில் ஒருவர் பலகையைப் பார்த்திருக்கிறார். பிறகு அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அடுத்த ஆண்டு அவர் ஜகாத் வாங்க வரவில்லை. ஆள் அனுப்பினோம், வேண்டாம் என்றுவிட்டார். கண்ணில் புரை முற்றியிருந்த நேரம் அது. சிகிச்சைக்குப் பணமின்றிக் காலம் கடத்தியிருக்கிறார். ஒரு கண்ணின் பார்வை போயிற்று.

என் வீட்டாரை அவரிடம் அனுப்பினேன். நானும் வாசலில் நின்றேன். உள்ளிருந்து அவர் சொன்னது என் காதில் விழுந்தது: “ஹஜ்ரத்து நல்ல நிய்யத்துலதாம்மா செஞ்சாங்க. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க.” ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஆங்கிலத்தில் ஒருவரைப் பற்றி, அவருடைய எண்ணம் நல்லதுதான் என்று சொன்னால், செயல் கெட்டுவிட்டது என்பதை நாகரிகமாகச் சொல்வதாகவே பெரும்பாலும் கொள்வார்களாம். பேராசிரியர் இதை எனக்கு விளக்கியபோது அந்த வாசற்படியில்தான் மீண்டும் போய் நின்றேன்.

அன்று வீடு திரும்பும் வழியில் நானும் எனக்குள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல நிய்யத்தில்தானே செய்தேன், நல்ல நிய்யத்தில்தானே செய்தேன் என்று. இரவில் ஃபிக்ஹு கிதாபை எடுத்தபோதுதான் ஒன்று உறைத்தது. எந்த அமலிலாவது அமல் முடிந்தபின் நிய்யத் செய்ய முடியுமா? ரமளான் நோன்புக்கு ஷாஃபிஈ மத்ஹபில் இரவிலேயே நிய்யத் வேண்டும். ஹனஃபி மத்ஹபில் நண்பகலுக்கு முன்பு வரை அவகாசம் உண்டு. மஃரிபுக்குப் பிறகு எந்த மத்ஹபிலும் இல்லை. பட்டியலை ஒட்டுவதற்கு முன்பாக, இதனால் யாருக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்திருந்தால் அது நிய்யத்தின் பகுதி. பார்வை போன பின் எடுத்துச் சொல்வதற்குப் பெயர் உத்ரு, சாக்கு. அந்த இளைஞருக்கு நான் தர வேண்டிய பதில் இதுதான். அவருடைய மேலாளரின் பழமொழி நிய்யத்தோடு சண்டையிடவில்லை. நிய்யத்தின் பெயரால் நாம் சொல்லும் சாக்கோடு சண்டையிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிடில் பாதி உண்மையாகிவிடும். இந்தப் பழமொழியைக் கையில் எடுத்துக்கொண்டு, நன்மை செய்யப் புறப்படும் ஒவ்வொருவரையும் கேலி செய்பவர்கள் உண்டு. ஒன்றும் செய்யாமல் திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கு இது மிகவும் பிடித்த பழமொழி. அதற்கும் இது பயன்படக் கூடாது. ஏன் என்பதற்கு வங்காள தேசத்தின் கிணறுகளைச் சொல்கிறேன்.

வங்காள தேசத்துக் கிராம மக்கள் முன்பு பெரும்பாலும் குளத்து நீரையும் ஆற்று நீரையும் குடித்தார்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. 1970களில் அந்நாட்டு அரசும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃபும் சேர்ந்து ஊர் ஊராகக் குழாய்க் கிணறுகள் இறக்கின. கை பம்பை அடித்தால் தெளிந்த நீர். மக்களும் பார்த்துத் தாங்களே சொந்தச் செலவில் இறக்கினார்கள். ஏறத்தாழ ஒரு கோடிக் கிணறுகள் என்று மதிப்பிடும் அளவுக்குப் பெருகின. தாகித்தவருக்குத் தண்ணீர் தருவதை விடச் சிறந்த எண்ணம் எது?

ஆனால் அந்த மண்ணின் அடியில், இமயத்திலிருந்து ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டலில், ஆர்செனிக் இருந்தது. பாஷாணம் என்று நம் நாட்டு வைத்தியர்கள் சொல்வார்களே, அந்த இனம். நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. அன்று வழக்கமாகச் செய்த தண்ணீர்ச் சோதனையில் அதைப் பார்ப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு மார்பில் புள்ளிகள் தோன்றின. உள்ளங்கையும் பாதமும் தடித்துக் கரடாயின. சிலருக்குப் புற்றுநோயாக முற்றிற்று. தொழுநோய் என்று எண்ணி ஒதுக்கினார்கள். புள்ளி விழுந்த பெண்களுக்குத் திருமணம் தடைப்பட்டது. 1983இல் கல்கத்தாவில் டாக்டர் கே.சி. சாஹா என்ற தோல் மருத்துவர் மேற்கு வங்காள நோயாளிகளிடம் இதைக் கண்டறிந்தார். எல்லைக்கு அப்பால் வங்காள தேசத்தின் கிணற்று நீரில் அது உறுதி செய்யப்பட்டது 1993இல்தான். இடைப்பட்ட பத்து ஆண்டுகளிலும் கிணறுகள் இறக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரை, 12.5 கோடி மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை ஆபத்தில் இருப்பதாக மதிப்பிட்டது. வரலாற்றில் ஒரு மக்கள் கூட்டத்துக்கு நேர்ந்த மிகப்பெரிய நஞ்சூட்டல் என்றும் அதைக் குறிப்பிட்டது.

நரகத்தின் பாதை என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். பொறுங்கள். குளத்து நீருக்கே திரும்பிப் போயிருந்தால் குழந்தைகள் மறுபடியும் காலராவில் மடிந்திருப்பார்கள். அப்படிச் செய்யவில்லை. இலட்சக்கணக்கான கிணறுகளைச் சோதித்தார்கள். நஞ்சுள்ள கிணற்றின் குழாய்க்குச் சிவப்பு வண்ணம். நல்ல கிணற்றுக்குப் பச்சை வண்ணம். பக்கத்து வீட்டுப் பச்சைக் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பல இடங்களில் 500 அடிக்கும் கீழே ஆழமாக இறக்கியபோது பெரும்பாலும் நல்ல நீர் கிடைத்தது. துயரம் இன்றும் முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் தீர்ந்த அளவுக்குத் தீர்த்தது எது? நிய்யத்தைக் கைவிட்டது அன்று; சோதித்துப் பார்த்தது.

இவ்வளவு தொலைவு போய் வங்காளத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தது எதற்கு என்று இப்போது சொல்லிவிடுகிறேன். இன்றைய தீர்மானங்களில் ஐந்தாவது, பள்ளியின் பின்புறத் தெருவில் ஆழ்துளைக் கிணறு இறக்கிப் பொதுக் குழாய் அமைப்பது. வளைகுடா நாட்டில் பணிபுரியும் நம் ஜமாஅத்துச் சகோதரர் ஒருவர், மறைந்த தம் தாயாரின் பெயரால் முழுச் செலவையும் ஏற்றிருக்கிறார். ஸஅத் பின் உபாதா (ரலி) தம் தாயாருக்காகக் கிணறு வெட்டியதும், உஸ்மான் (ரலி) ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டதும் நாம் அறிந்தவையே. அந்த வரிசையில் சேரும் நற்செயல் இது. ரபீஉல் அவ்வலுக்குள் திறப்பு விழா நடத்திவிட வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் அவசரம் காட்டுகிறார்கள். அந்த அவசரத்தில் நானும் ஒருவனாக இருந்தேன்.

நம் மாநிலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்கள் பழுப்பேறியவர்களையும் எலும்பு வளைந்தவர்களையும் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். நம் தெருவின் அடியில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. நிர்வாகக் குழுவுக்கும் தெரியாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் தண்ணீரைச் சோதிக்க ஆய்வகங்களை நடத்துகிறது. ஆகவே அந்தத் தீர்மானத்தில் மூன்று வாசகங்களைச் சேர்க்குமாறு முத்தவல்லி அவர்களை வேண்டிக்கொண்டேன், இசைந்துவிட்டார்கள். தெருவில் ஏற்கெனவே உள்ள இரண்டு ஆழ்துளைக் கிணறுகளின் நீரை இறக்குவதற்கு முன்பே சோதிப்பது; இறக்கிய பின் குடிக்கத் திறந்துவிடுமுன் மறுபடி சோதிப்பது; பிறகு ஆண்டுதோறும் மழைக்காலம் கழிந்ததும் சோதித்து, அந்த முடிவை இந்த ஆண்டறிக்கையில் அச்சிடுவது. திறப்பு விழா தள்ளிப் போகும். போகட்டும்.

அந்தச் சகோதரருக்கு இது மனவருத்தமாக இருக்குமோ என்று அஞ்சி நானே தொலைபேசியில் பேசினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “எங்கம்மா பேரில் ஓடுற தண்ணி ஹஜ்ரத். நல்லா பார்த்துட்டே இறக்குங்க” என்றார்.

நாளை காலை இரண்டு கிணறுகளிலிருந்தும் தண்ணீர் எடுத்துச் செல்ல வேண்டும். சென்னையிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் அந்த இளைஞர்தான் எடுத்துச் செல்ல முன்வந்திருக்கிறார். ஃபஜ்ருத் தொழுகை முடிந்ததும் புறப்படுகிறார். உடன் செல்ல விரும்புவோர் தொழுகைக்கே வந்துவிடலாம்.

வஸ்ஸலாம்.